அறுபத்து மூன்று பேருந்துகளும் ஒரு பென்டிரைவும்

அப்பா சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அம்மா பார்த்துவிட்டாள். லேப்டாப்பை மடிக்கு இழுத்து நான்கு வார்த்தைகளைத் தட்டினாள். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சுற்றத் தொடங்கியது. அப்பா செருப்பை மாட்டினார். கதவைச் சாத்தினார். படியிறங்கித் தெருமுனையும் திரும்பிவிட்டார். அதற்கப்புறம்தான் அம்மாவின் குரல் வந்தது, வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று.

"தயவுசெய்து... சட்டையை... திருப்பி... அணியவும்."

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். என் உடையில் ஒரு குறையும் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். பிறகு அவள் மூடியைச் சாத்தினாள்.

அம்மா பத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். போன வருடம் தொண்டையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்றார்கள். நாள் குறித்த பிறகு மூன்று வாரம் மிச்சமிருந்தது. அந்த மூன்று வாரமும் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் அவளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து வார்த்தைகளைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். ஒரு வார்த்தை, ஒரு ஃபைல். மொத்தம் நாலாயிரத்து இருநூறு. பிறகு நாம் எதைத் தட்டுகிறோமோ அந்த ஃபைல்களை வரிசையாக எடுத்து ஒலிக்க ஒரு புரோகிராம். அதை யாரோ ஒரு மாணவர் எழுதிக் கொடுத்துவிட்டு எங்கோ போய்விட்டார். புதிய இயந்திரங்களில் அது திறக்கவே மறுத்தது. எங்கள் பழைய லேப்டாப்பில் மட்டும், போனால் போகிறது என்று ஓடியது.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. மைக்கைக் கண்டால் அம்மாவுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அது பத்தொன்பது வருடப் பழக்கம். நாலாயிரத்து இருநூறு வார்த்தைகளையும் அவள் அறிவிப்புக் குரலில் சொல்லிவிட்டாள். உப்பு, தலையணை, செல்லம் எல்லாமே ஏதோ மேடையிலிருந்து புறப்படப் போவதைப்போல. ஆகவே எங்கள் வீட்டில் இப்போது கொஞ்சலும் கிடையாது, திட்டும் கிடையாது. எல்லாம் அறிவிப்புதான். அதுவும் தாமதமான அறிவிப்பு.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. நாங்கள் பேசும் பேச்சு எப்போதும் அவளைத் தாண்டிப் போய்விடும். அப்பா எதையாவது கேட்பார், பதில் வருவதற்குள் வேறு எதற்கோ போயிருப்பார். அம்மா சொன்ன நகைச்சுவைக்கு நாங்கள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறோம் என்று எங்களுக்கே யோசிக்க வேண்டியிருக்கும். மெல்ல மெல்ல அவள் தட்டுவதையே குறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நிலைய மேலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் டீ ஆறும்வரை கோப்பையையே பார்த்தார்.

"லீவு இந்த மாசத்தோட முடியுதும்மா. விசாரணை ஜன்னல்ல ஆள் இல்ல. உங்களுக்கே குடுக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அங்க நிக்கிறவன் எல்லாம் கால்ல நெருப்பு வச்ச மாதிரி நிப்பான், உங்களுக்கே தெரியும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. பத்துப் பேருக்குப் பதில் சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்க முணுமுணுக்காம இருந்தா ஜன்னல் உங்களுக்கு."

"இல்லேன்னா?" என்றார் அப்பா.

"பார்சல் ரூம் இருக்கு. கீழ்த்தளம். அங்க யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல."

அம்மா தட்டினாள். மேலாளர் விடைபெற்று எழுந்து, செருப்பைத் தேடி, வாசலுக்குப் போனபோது குரல் வந்தது.

"எனக்கு... பேச... வேண்டும்."

அவர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் அக்காவிடம் போனேன். சந்துக்குள் அவர் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, கழற்றிப் போட்ட முப்பது இயந்திரங்கள். அவர் பின்மூடியைத் திறந்து விளக்கை இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டு ஜிபி மெமரி. போர்டோட சேத்து ஒட்டியிருக்கான். மேல போட இடமே இல்ல."

"டிஸ்க்க மாத்தினா?"

"மாத்தலாம். எல்லாத்தையும் புதுசா ஏத்தணும். உங்கம்மா புரோகிராம் திரும்ப ஏறும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஏறலேன்னா என்ன பண்ணுவ?"

வேண்டாம் என்றேன்.

அவர் இழுப்பறையைத் துழாவி ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினார். திரையில் தெரிந்த அதன் படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ஏதோ ஒரு பக்கத்துக்குப் போய், ஒரு கட்டத்தில் டிக் போட்டார்.

"இங்க பாரு. உங்கம்மா ஒரு வார்த்தையக் கேட்டா டிஸ்க் சுத்திச் சுத்தித் தேடுது. பெரிய ஃபைலா ஒண்ணு இருந்தா ஜோரா எடுத்துடும். குட்டி குட்டியா நாலாயிரம் சிதறிக் கெடந்தா அதுக்குத் தலைசுத்தும். இந்தப் பென்டிரைவுக்குள்ள சுத்துறதுக்கு ஒண்ணும் கெடையாது. கேட்டதும் எடுத்துக் குடுத்துடும். அடிக்கடி கேக்கிறத இது ஒரு காப்பி வச்சுக்கும். மெமரி மெமரிதான், இது ஒத்தாசைக்கு. ஆனா உங்க வேலைக்கு இது போதும்னு தோணுது."

"இப்பவே வேகமா ஓடுமாக்கா?"

"பேசப் பேசத்தான் நெரம்பும். ஒண்ணே ஒண்ணு, இத உருவாத. உருவிட்டு மறுபடி செருகினா பழசை அது நம்பாது. மொதல்லேருந்து நெரப்பும்."

வீட்டுக்கு வந்து செருகி வைத்தேன். பென்டிரைவின் முனையில் அரிசி அளவுக்கு ஒரு நீல விளக்கு. அம்மா ஒவ்வொரு வார்த்தையாகத் தட்ட, அது ஒவ்வொரு முறையும் துடித்தது. காலையில் ஆரம்பித்தாள். மதியம்வரை எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாலையில் அப்பா வந்து கை கழுவிக்கொண்டு கத்தியை எடுத்தார்.

"இன்னிக்கு நானே காய் நறுக்கறேன், நீ உக்காரு, போன தடவ மாதிரி பெருசு பெருசா..."

"தயவுசெய்து கத்தியை உரிய இடத்தில் வைக்கவும்."

அப்பாவின் கை அப்படியே நின்றது. வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளியே இல்லை. அவர் வாக்கியம் முடியவில்லை, கத்தி இன்னும் கையில் இருந்தது, அதற்குள் அம்மா பேசிவிட்டாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் ஒருவர் பேச்சில் குறுக்கிட்டிருந்தாள்.

அப்பா கத்தியை, கண்ணாடிச் சாமானைப்போல, மெதுவாக வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நீல விளக்கையே பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதற்கு எங்களைத் தெரியாது, அம்மாவைத் தெரியாது. ஆனால் ஒரு நாளிலேயே அம்மா எந்த வார்த்தைகளுக்காக ஏங்குகிறாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாட்களில் ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. மதியத்திலும் மாலையிலும் குரல் பறந்தது. காலையில் மட்டும் பழையபடி இழுத்தது. எங்கள் மின்விசிறி காலையில் முனகிக்கொண்டே கிளம்புவதைப்போல இதுவும் ஒரு சுபாவம் என்று நினைத்தேன். ஆனால் சோதனை பத்து மணிக்கு. அம்மாவுக்கும் அதுதான் கவலை. "சீக்கிரம் செல்லலாம்" என்றாள். வியாழக்கிழமை எட்டரைக்கெல்லாம் நிலையத்தில் இருந்தோம். அப்பாவும் விடுப்பு போட்டுக்கொண்டு வந்தார்.

விசாரணை அறை ஒரு ஆள் படுக்கும் அளவுதான். கண்ணாடி ஜன்னல், அதில் கைவிடும் அரைவட்டத் துளை, மேலே ஒலிபெருக்கி, சுவரில் தடப் பலகை. ஒன்றிலிருந்து அறுபத்து மூன்று வரை எண்கள், நேரம், மேடை. அம்மா நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். பென்டிரைவ் இருந்த இடம் காலியாக இருந்தது.

பையைக் கவிழ்த்தேன். தரையில் தவழ்ந்து தேடினேன்.

"எதத் தேடற?" என்றார் அப்பா. "இதையா?" சட்டைப் பையிலிருந்து தன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். பஞ்சு வைத்து, அதன் நடுவில் பென்டிரைவ்.

"எப்பப்பா எடுத்தீங்க?"

"நேத்து ராத்திரி. தெனமும் எடுத்துடுவேனே. நீங்க ரெண்டு பேரும் படுத்ததும் எடுத்து அலமாரில வச்சுப் பூட்டிட்டு, காலைல கிளம்பறப்ப செருகிட்டுப் போவேன்."

அப்பா மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக் காப்பாளர். விலை உயர்ந்த எதையும் ராத்திரி வெளியே விடக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறிய விஷயம். தினமும் அம்மா பேசிப் பேசி நிரப்பியதை, தினமும் அவர் பத்திரப்படுத்தி அழித்திருக்கிறார். உருவக் கூடாது என்று ரிப்பேர் அக்கா சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொன்னேன். அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. கடிகாரத்தில் எட்டு நாற்பது.

அம்மா பென்டிரைவை அவர் கையிலிருந்து வாங்கிச் செருகினாள். பலகையைக் காட்டினாள், ஜன்னலுக்கு வெளியே காட்டினாள், அப்பாவைக் காட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் ஜன்னலுக்கு வெளியே நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒண்ணாம் நம்பர் எப்பம்மா வரும்?"

"ஒன்றாம்... எண்... பேருந்து..."

நான் எண்ணினேன். முழுப் பதிலுக்குப் பத்தொன்பது நொடி ஆயிற்று. இரண்டாம் எண்ணுக்குப் பதினைந்து. நீல விளக்கு விடாமல் எரிந்தது, பசித்த குழந்தை மூச்சுவிடாமல் குடிப்பதைப்போல. எட்டாம் எண்ணுக்கு வரும்போது பேருந்து, மேடை, மணிக்கு, புறப்படும் என்பதெல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டன. எண்கள் மட்டும்தான் ஒவ்வொன்றாகத் தடுக்கின. இருபதைத் தாண்டியதும் மேடை எண்களும் நிமிடங்களும் ஏற்கெனவே வந்தவையாக இருந்தன. பன்னிரண்டு, பத்து, ஏழு. நான் எண்ணுவது சுருங்கிக்கொண்டே வந்தது. என் கண் முன்னால் அம்மாவின் குரல் சேர்ந்துகொண்டிருந்தது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த ஒருத்தி கை, கால், முகம் என்று கூடி எழுந்து வருவதைப்போல இருந்தது. எனக்கு மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

முப்பதுக்கு மேல் அப்பாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"முப்பத்தொண்ணுல ஜன்னல் சீட்டு கிடைக்குமாம்மா?"

"அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

"டிரைவர் நல்லவரா?"

"ஓட்டுநருடன் பேசக் கூடாது."

"நான் எங்க பேசறேன், உங்கிட்டதானே பேசறேன்."

"அதுவும் கூடாது."

அந்தப் பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பத்தை ஊன்றி நின்று, இவர்களுக்குள் என்ன தகராறு என்று பார்த்தாள். நாற்பத்தொன்று முடிந்தது. அப்போது அம்மா பலகையைவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்கள் ஏன் அதை எடுத்தீர்கள்?"

அப்பா அரைவட்டத் துளைக்குக் குனிந்தார். விவரம் கேட்க வருபவர்கள் எல்லோரும் அப்படித்தான் குனிவார்கள்.

"உன் குரலே அதுக்குள்ளதான் இருக்குன்னு நெனச்சேன். இத்தனூண்டு இருக்கு. யாராவது தூக்கிட்டுப் போயிட்டா? எலி கிலி இழுத்துட்டா? மறுபடி பேச வைக்க நான் எங்க போவேன்?"

"அதுல இருக்கறது காப்பிதாம்ப்பா," என்றேன். "எல்லாம் டிஸ்க்லயே இருக்கு. இது தொலைஞ்சாலும் ஒரு வார்த்தகூடப் போகாது. அம்மா அடிக்கடி கேக்கிறத மட்டும் இது கைக்கெட்டற தூரத்துல வச்சுக்குது."

"ஓ," என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்தார். "நாங்க அடிக்கடி போற மாத்திரைய ஜன்னல் ஓரமாவே அடுக்கி வச்சுக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேனே."

அம்மா எதுவும் தட்டவில்லை. டிஸ்க் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, அவள் விரல்கள் மட்டும் விசைகளின் மேல் இருந்தன. இத்தனை மாதமும் அவள் மௌனமாக இருந்தபோதெல்லாம் இயந்திரம் தேடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்துப் பழகியிருந்தோம். இது இயந்திரத்தின் மௌனம் இல்லை. அம்மாவின் மௌனம். குரல் வேகமான பிறகுதான் அவளுடைய மௌனமும் அவளுக்குத் திரும்பிக் கிடைத்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

பிறகு அவள் தட்டினாள்.

"நாற்பத்திரண்டாம் எண்ணைக் கேளுங்கள்."

"நாப்பத்திரண்டு எப்பம்மா வரும்?" என்றார் அப்பா.

பத்து மணிக்கு மேலாளர் வந்தார். அப்போது அறுபத்து மூன்றும் முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது; அந்த ஐந்து நிமிடமும் அம்மா ஒலியைக் குறைத்துவிட்டு ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு ஓரமாகக் கைகட்டி நின்றார். நான் அம்மாவின் பக்கத்தில் குந்தி, யாருடைய முழங்கையும் பட்டுவிடாமல் பென்டிரைவை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். அது வெதுவெதுப்பாக இருந்தது.

முதல் ஆள் பதினேழு கேட்டார், கிடைத்தது, போனார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவதாகக் கைக்குழந்தையோடு வந்த பெண் பேருந்தைக் கேட்கவில்லை.

"கழிப்பறை எங்கங்க இருக்கு?"

அம்மா தட்டினாள். டிஸ்க் கரகரக்கத் தொடங்கியது. காலையிலிருந்து யாரும் கேட்காத வார்த்தை. மூன்று, நான்கு, ஐந்து. வரிசையில் யாரோ தலையை எட்டிப் பார்த்தார்கள். ஏழாவது எண்ணிக்கையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். மேலாளரின் பார்வை தரைக்குப் போயிற்று.

"கழிப்பறை... இடப்புறம்."

அந்தப் பெண் ஓடினாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை, நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. ஐந்தாவது ஆள் தொலைந்துபோன குடையைப் பற்றிக் கேட்டபோது அவள் ஒரு வேலை செய்தாள். பதிலைத் தட்டுவதற்கு முன் "ஒரு நிமிடம் ஐயா" என்று தட்டிவிட்டாள். பத்து மணிக்கு முன் தட்டி வைத்த வார்த்தைகள் போலும், அது உடனே வந்தது. அது ஒலித்து முடிவதற்குள் டிஸ்க் குடையைத் தேடி எடுத்துவிட்டது. பத்தொன்பது வருடம் தாமதமான பேருந்துகளுக்குச் சமாதானம் சொன்னவள். தாமதத்தை எப்படி மறைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்பது பேர் போனார்கள். பத்தாவது ஆள் வருவதற்குள் மேலாளரே குறுக்கே புகுந்து துளைக்குக் குனிந்தார். சிரிக்காமல் கேட்டார்.

"பார்சல் ரூம் எங்கங்க இருக்கு?"

"தெரியாது. நான் அங்கே போகப் போவதில்லை."

அவர் கேட்டு நிமிர்வதற்குள் பதில் வந்துவிட்டது; அந்த ஐந்து நிமிடத்தில் அவள் இதையும் தட்டி வைத்திருந்தாள். வரிசையில் முன்னால் நின்ற நான்கைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நொடியில் இருந்தது. மேலாளரும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் அறிவிப்பாளர் முகத்தோடு உட்கார்ந்து, "கீழ்த்தளம். வலப்புறம்." என்று முடித்தாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தொட்டது.

"சார், கேட்டாச்சுல்ல, கொஞ்சம் நகருங்க. எம் பஸ்ஸு போயிடும்."

மேலாளர் நகர்ந்தார். நகரும்போதே கண்ணாடி வழியாக அம்மாவிடம், "நாளைக்குக் காலைலேருந்து வந்துடுங்க" என்றார். அது அவளுக்குக் கேட்டதோ என்னவோ. அவள் கண் அடுத்த ஆளின் மேல் இருந்தது.

தோளில் பை மாட்டிய நடுத்தர வயதுக்காரர். ஐம்பத்து நான்கு என்று மட்டும் சொன்னார். நான்காம் மேடை, பத்து இருபதுக்கு என்று அம்மா சொன்னாள். அவர் தலைகூட நிமிரவில்லை. குரல் எங்கிருந்து வருகிறது, யாருடையது, எதையும் கேட்கவில்லை. நன்றி சொல்லவும் அவருக்கு நேரம் இல்லை. திரும்பி நான்காம் மேடைக்கு ஓடினார், பேருந்து கிளம்பக் கிளம்ப ஏறிக்கொண்டார்.

அம்மா கழுத்தை நீட்டி, அந்தப் பேருந்து வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.